கடல்மல்லை காண வந்தோரும் அவர்வழி நின்ற பெயர்களும்

மாமல்லபுரத்துக் கற்றளிகளைச் செய்வித்த மன்னன் யாவன் என்னும் வினா நூறாண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டு வருகிறது. மகேந்திரனோ, மாமல்லனோ, பரமேசுவரனோ, இராசசிம்மனோ என அறிஞர் வாதிட்டுள்ளனர். வாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை. அக்கற்றளிகளைக் காண வந்தோர் யாவர், எதனைக் காண வந்தனர், கண்டதற்கு என்ன பெயர் வழங்கினர் என்னும் வினாவோ ஆராய்ச்சியாளர் கருத்தை அத்துணை ஈர்க்கவில்லை. ஆயினும் அவ்வூரில் எப்பொருளைச் சுட்டிப் பேசினாலும் காண வந்தோர் நாவில் பயின்ற பெயரைக் கொண்டே நாம் பேசுகிறோம். பஞ்சபாண்டவர் இரதம், திரௌபதி இரதம், அருச்சுனன் தவம், கடற்கரைக் கோயில், ஏழு கோயில் நகரம் என்னும் பெயர்களுள் ஒன்றேனும் பல்லவர் கல்வெட்டில் இல்லை. கட்டியோர் இட்ட பெயர்கள் கல்லிலேயே இருக்கின்றன. அவற்றைச் சொல்வார்தாம் அருகிவிட்டனர். இந்நிலை எவ்வாறு நேர்ந்தது, பிற்காலப் பெயர்களைப் பிழையென ஒதுக்கிவிடலாமா என்னும் இரண்டையும் ஈண்டு ஆராய்வோம்.

காண்பதற்கென்றே ஓர் ஊருக்குச் செல்லும் வழக்கம் மேலைநாட்டார் கொணர்ந்தது என்று கருதுவாருளர். கடல்மல்லையைப் பொறுத்தவரை அது பொருந்தாது. தண்டி இயற்றிய அவந்திசுந்தரி கதை என்னும் வடமொழி நூலின் முன்னுரைப் பகுதி இதற்குச் சான்றாகும். மாமல்லபுரத்தில் கடல் அலை தொடுமிடத்தில் பள்ளிகொண்டிருந்த திருமால் படிமத்தின் கை முறிந்துபோயிற்று. அதனை இலலிதாலயன் என்னும் சிற்பி பொருத்தினான். பொருத்துவாய் தெரிகிறதா என்று வந்து பார்க்குமாறு தண்டி அழைக்கப்படுகிறார். நண்பர்களோடு சென்று பார்க்கிறார். வழிபாடு ஒருபுறமிருக்க, ஒரு சிற்பியின் கைத்திறனை மதிப்பிடுதலே அச்செலவின் நோக்கம். பல்லவர் காலத்திலேயே கற்றோர் குழுவொன்று காஞ்சியிலிருந்து கடற்கரைக்குக் கலைகாணச் சென்றது என்பது சிறு செய்தி அன்று. இலலிதாலயன் சூத்திரகன் கதையைத் தமிழில் இயற்றியவன் என அந்நூல் கூறுவது தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் மறத்தற்கரியது. உளி பிடித்த கையே எழுத்தாணியும் பிடித்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நம்மிடம் இல்லை. அந்நூல் இன்று கிடைப்பதாயில்லை.

திருமங்கையாழ்வார் காட்டும் வருகையாளர் வேறு வகையினர். பெரிய திருமொழியில் கடல்மல்லைத் தலசயனத்துக்கென இரு பதிகங்கள் உள்ளன. யானையும் மணியும் பொன்னும் சுமந்து கலங்கள் இயங்கும் துறையாக அவ்வூரை அவர் காண்கிறார்; அத்தலத்தை வலம்வரும் உள்ளமுடையாரை வலம்வருமாறு தம் நெஞ்சை வேண்டுகிறார். தண்டி படிமத்தின் பொருத்துவாயைப் பார்த்தார். ஆழ்வார் அடியாரைப் பார்த்தார். ஏறத்தாழ ஒரே காலத்து இவ்விரு பார்வைகளும் பின்னாளில் ஒன்றையொன்று விட்டு விலகின.

இனிக் கல்வெட்டுப் பெயர்களைக் காண்போம். தருமராசர் இரதம் என வழங்குவதன் மேல்நிலையில் அத்தியந்தகாமப் பல்லவேசுவர கிருகம் என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. கணேச இரதம், தருமராசர் மண்டபம் ஆகிய இரண்டும் அதே பெயரைத் தாங்குகின்றன. அத்தியந்தகாமன் என்னும் விருது எம்மன்னனுக்குரியது என்பதே மேற்கூறிய வாதத்தின் அச்சாணி. உல்ட்சு அதனைப் பரமேசுவரவர்மனுக்கு உரியதாக்கினார், முதல் நரசிங்கவர்மனுக்குரியது என்பாரும் உளர், இரா. நாகசாமி 1962-இல் வெளியிட்ட கட்டுரையில் அங்குள்ள பணி முழுவதையும் இராசசிம்மனுக்கே உரிமையாக்கினார். கடற்கரைக் கோயில் என நாம் வழங்குவது ஒரு கோயில் அன்று. சத்திரியசிம்மப் பல்லவேசுவரம், இராசசிம்மப் பல்லவேசுவரம், இவ்விரண்டின் நடுவே பள்ளிகொண்டருளிய தேவர் தளி என மூன்றாக அது முதல் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில் குறிக்கப்படுகிறது. ஊரும் ஆமூர்க் கோட்டத்து மாமல்லபுரம் என்றே அவற்றில் காணப்படுகிறது. அஃது ஒரு நகரமாகவும், நிலப் பங்கீட்டை ஊரார் கூடி முடிவுசெய்யும் அமைப்புடையதாகவும் விளங்கிற்று. கோயில் மட்டுமே நின்ற பாழிடமாக அது சோழர் காலத்தில் இருக்கவில்லை.

பிற்காலப் பெயர்கள் சில இடங்களில் முரண்நகையாகவே அமைந்துள்ளன. இராமானுச மண்டபம் என வழங்கும் குகைக்கோயிலின் புடைப்புச் சிற்பங்கள் பிற்காலத்தில் செதுக்கி அகற்றப்பட்டன. ஆங்கு எஞ்சியிருப்பது உருத்திரனை உள்ளத்தில் இருத்தாதாரைச் சபிக்கும் வடமொழிச் செய்யுள் ஒன்று! அப்பெயரை இட்டவர் அவ்வெழுத்தைப் படித்திருந்தால் வேறு பெயர் தேடியிருப்பர். கணேச இரதமும் சிவன் கோயிலாக இருந்ததே. இலிங்கம் இருந்த இடத்தில் பிள்ளையார் பிற்காலத்தில் வந்தமர்ந்தார். பல்லவ கிரந்த எழுத்தைப் படிக்கும் ஆற்றல் மறைந்தபின் கல்லில் இருந்த பெயர் வெறும் கோலமாயிற்று. பெயரில்லாத பொருளை மக்கள் நெடுநாள் விட்டுவைப்பதில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் இக்கடற்கரைக்குப் புதுவகை வருகையாளர் வந்தனர். இன்றைய கல்பாக்கத்தை அடுத்துள்ள சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் பண்டகசாலை அமைத்தனர். பின்னர்ச் செங்கற் கோட்டையும் எழுப்பினர். பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராய மன்னன் பெயரால் இராசநாராயணன் பட்டினம் என வழங்கிய துறை இது. ஒல்லாந்தர் நாவில் அது சதிராசு எனச் சுருங்கியது. நெசவுத்துணி வாங்க வந்த அவ்வணிகர் ஓய்வுநாட்களில் மேற்கே திருக்கழுக்குன்றத்துக்குச் சென்றனர் என்பதற்குச் சான்று அக்குன்றிலேயே இருக்கிறது. மலைச்சரிவில் உள்ள ஒருகல் மண்டபம் என்னும் பல்லவர் குடைவரையின் தூண்களிலும் சுவர்களிலும் அவர்கள் தம் பெயர்களை வெட்டிச் சென்றுள்ளனர்.

இச்செயலை இழித்துரைத்தல் எளிது. இக்காலத்து நம் இளைஞர் கரியாலும் ஆணியாலும் அதே தூண்களில் எழுதுவதை நோக்குங்கால் அவ்வணிகரைத் தனியே பழித்தல் முறையாகாது. ஆராய்வோர்க்கு வேறொன்று இங்குக் கருதத்தக்கது. அதே திருக்கழுக்குன்றத்தில் சோழன் இராசகேசரிவர்மன் கல்வெட்டு ஒன்று உள்ளது. அக்கோயிலுக்குக் கந்தசிட்டன் விட்ட இறையிலியை வாதாபிகொண்ட நரசிங்கப்போத்தரையர் காத்ததாகவும், அதனைத் தான் மீண்டும் காத்து அளித்ததாகவும் சோழன் அதில் கூறுகிறான். தன்னால் வெல்லப்பட்ட குலத்தினரின் கொடையைப் பெயர் மாறாமல் எடுத்துச் சொல்லிக் காக்கின்றது அக்கல். ஒருகல் மண்டபத்து ஒல்லாந்தர் எழுத்து தன் பெயரை மட்டும் சொல்லுகிறது. ஒரே குன்றில் உள்ள இவ்விரு எழுத்துகளையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு ஓரிடத்துக்கு உரியவராய் இருத்தலும் ஓரிடத்தைக் கண்டு செல்லுதலும் எவ்வாறு வேறுபடும் என்பது விளங்கும்.

சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்த வணிகக் குழுவில் எழுத்தராகப் பணியாற்றிய யாக்கோபு ஹாப்னர் தம் பல்லக்குப் பயண நூலை 1808-இல் வெளியிட்டார். மாமல்லபுரத்துப் பாழ்மண்டபங்களை வியந்து நோக்கியவர் அவர். கோட்டை 1781-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த ஆண்டு பிப்பிரவரி 17-ஆம் நாள் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் சுப்ரெனும் ஆங்கிலத் தலைவன் ஹியூசும் இக்கடலிலேயே பொருதனர். போரிடுவோர்க்கு இக்கரை அடையாளம் காட்டும் குன்றாக மட்டுமே தோன்றியிருக்கும். கடலோடிகள் இட்ட ஏழு கோயில் என்னும் பெயரே அத்தகையது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த வெனிசு நகரத்துக் கசுப்பாரோ பால்பி அப்பெயரைக் குறித்துள்ளார். கரையில் நிற்பது ஒன்றாயிருக்க, பெயர் ஏழு என்கிறது. ஆகவே ஆறு கோயில்கள் கடலுள் மூழ்கின என்னும் கதை வளர்ந்தது. அஃதாவது, பெயர் தன்னை மெய்ப்பிக்கும் வரலாற்றைத் தானே ஈன்றது.

அக்கதையை உலகறியச் செய்தவர் வில்லியம் சேம்பர்ஸ். 1772-இலும் 1776-இலும் அவ்வூரைக் கண்டு அவர் எழுதிய கட்டுரை 1788-இல் ஆசியக் கழகத்தின் முதல் தொகுதியில் வெளிவந்தது. செப்புத்தகடு வேய்ந்த விமானங்கள் கடலுள் தொலைவில் காலைவெயிலில் ஒளிர்ந்ததை முதியோர் கண்டனர் என்றும், பாசி படிந்தமையால் இப்போது ஒளிர்வதில்லை என்றும் உள்ளூர் அந்தணர் அவரிடம் கூறினர். காணாமைக்கும் காரணம் கூறிவிட்ட இவ்விடையின் நுட்பம் நயக்கத்தக்கது. மாவலியின் தலைநகரம் கடல்கொள்ளப்பட்டது என்னும் புராணத்தையும் சேம்பர்ஸ் எழுதிவைத்தார். அதனைக் கொண்டு சதே என்னும் ஆங்கிலப் புலவர் 1810-இல் தம் காவியத்தில் கடலுள் மூழ்கிய நகரொன்றைப் படைத்தார். அதன்பின் வந்தோர் பலர் காவிய நகரைத் தேடி வந்தோரே ஆவர். மாமல்லபுரம் மகாபலிபுரமாக நிலைத்ததற்கு இவ்வாசகரும் ஒரு காரணம். 2002-இல் கடலடியில் ஆய்வு செய்தோர் சுவரமைப்புகளையும் கற்குவியல்களையும் கண்டனர் என்பது உண்மை. கடல் நிலத்தை அரித்தது என்பதற்கு அது சான்றாகலாம். ஏழு என்னும் எண்ணுக்குச் சான்றாகாது.

சேம்பர்சுக்குப் பின் கோல்டிங்காம், மக்கென்சியின் துணைவர் காவலி இலட்சுமய்யா, மரியா கிரகாம், எபர் பாதிரியார் எனப் பலர் வந்தனர். இலட்சுமய்யா 1803-இல் தெலுங்கில் எழுதிய விளக்கம் நம்மவர் ஒருவர் அவ்வூரை முறையாகச் சுற்றிப் பார்த்து எழுதியதாகலின் தனி மதிப்புடையது. இவர்கள் எல்லாருக்கும் வழிகாட்டியோர் ஊர் மக்களே. ஆதலின் பாண்டவர் பெயர்களை வெள்ளையர் இட்டனர் என்பது பொருந்தாது. அவர்கள் கேட்டதை எழுதினர், எழுதியதை அச்சேற்றினர். அச்சேறிய பெயர் அதன்பின் மாறாது நின்றது. பாபிங்டன் அவ்வெழுத்துகளைப் படித்து 1830-இல் வெளியிட்டபோது கல்லின் பழம்பெயர்கள் மீண்டும் வாய்திறந்தன. ஆனால் காலம் கடந்துவிட்டது. கார் என்பவர் 1869-இல் பழைய கட்டுரைகளை ஒரு நூலாகத் தொகுத்தபோதும் ஏழு கோயில் என்பதே அந்நூலின் தலைப்பில் இடம்பெற்றது.

மக்கள் ஏன் பாண்டவர் பெயரை இட்டனர்? அறியாமையால் என்று கூறிக் கடந்துவிடுதல் வழக்கம். இவ்விடை நமக்கு அமைவுடையதாகத் தோன்றவில்லை. இக்கோயில்கள் நிற்பது தொண்டைமண்டலம். திரௌபதியம்மன் வழிபாடு ஊர்தோறும் வேரூன்றிய நிலம். பாரதம் இங்கு ஓதப்படும் கதை மட்டுமன்று. பிரசங்கமாகவும் இரவுக் கூத்தாகவும் தீமிதியாகவும் ஆண்டுதோறும் நிகழ்வது. அவ்விழாவில் அருச்சுனன் தவசு ஒரு பெரும் நிகழ்ச்சி. நெடிய தவசு மரம் நடப்படும். அருச்சுன வேடம் புனைந்தவர் அதன் உச்சிக்குப் பாடிக்கொண்டே ஏறுவார். அங்கிருந்து எலுமிச்சையும் பூவும் திருநீறும் வீசுவார். மகப்பேறு வேண்டும் பெண்டிர் கீழே காத்திருப்பர். இக்காட்சியை ஆண்டுதோறும் கண்ட ஒருவர், ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அப்பெரும் பாறையின் முன் நின்று, ஒற்றைக்காலில் கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி நிற்கும் தவசியையும் அருகே வரமருளும் சிவபெருமானையும் காண்பாராயின் அதனை வேறு எப்பெயரால் அழைப்பார்? எழுத்தறியாதார் பெயராயினும் அஃது ஒரு படிப்பே. கல்லை அவர்கள் தம் கூத்தைக் கொண்டு படித்தனர்.

அப்பாறைக்குப் பிற விளக்கங்களும் உண்டு. நடுவிலுள்ள பிளவையும் அதில் நீந்தும் நாகரையும் கொண்டு, அது கங்கை இறங்கிய காட்சி எனக் கோலுபேவ் 1914-இல் பிரெஞ்சு மொழியில் எழுதினார். மேலே நீர்தேக்கிப் பிளவின் வழியே வழியவிடும் அமைப்பு இருந்தமை அவர் கருத்துக்கு வலிவூட்டிற்று. மயிலை சீனி. வேங்கடசாமி 1950-இல் வெளியிட்ட நூலில் அதனைச் சமணச் சிற்பமெனக் கொண்டு சகரன் மைந்தர் கதையால் விளக்கினார். கல்வெட்டு இல்லாத பாறை ஆதலின் வழக்கு நீளும். அம்மூன்று விளக்கங்களுள் எது மெய்யென முடிவுசெய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று.

திரௌபதி இரதம் இதனினும் நுணுகி நோக்கத்தக்கது. ஐந்து கோயில்களுள் சிறியது அது. கூரைவேய்ந்த குடில் போன்ற முகடுடையது. உள்ளே பின்சுவரில் நிற்பவள் கொற்றவை. அவள் அடியில் இருவர் மண்டியிட்டுள்ளனர். ஒருவன் தன் குடுமியைப் பற்றித் தலையை அரியத் தொடங்குகிறான். வெளியே கல்லாலான சிங்கம் நிற்கிறது. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியையும் கலிங்கத்துப்பரணியின் காளி கோயிலையும் கற்ற மாணவர் கண்டு நிற்கவேண்டிய முதற்கல் இது. தலைப்பலி என்னும் இலக்கியச் செய்திக்கு ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டின் கற்சான்று! ஆயினும் பெயர்ப்பலகையில் திரௌபதி என்று கண்டவுடன் பாரதத்தை நினைந்து அவர் அகன்றுவிடுகிறார். பெயர் பொருளை மறைப்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆனால் இங்கும் மக்கள் முற்றிலும் பிழைத்தனர் என்று சொல்ல நாம் துணியோம். தொண்டைநாட்டுத் திரௌபதி, பாண்டவர் மனைவி மட்டும் அல்லள். காளியின் கூறாகக் குருதியும் தீயும் ஏற்கும் தெய்வம். ஐந்து கோயில்களுள் நான்கினை ஆடவர்க்குக் கொடுத்து, பெண்தெய்வம் உறைந்த ஒன்றினை மட்டும் திரௌபதிக்குக் கொடுத்தோர், அங்கு நிற்பவள் தெய்வப்பெண் என்பதை அறிந்தே கொடுத்தனர் எனக் கருத இடமுண்டு. கொற்றவை என்னும் பெயர் வழக்கொழிந்தபின் அவ்விடத்தை நிரப்பத் தமக்கு வாய்த்த உயிருள்ள தெய்வத்தின் பெயரை இட்டனர். பெயர்ப்பொருத்தம் நிறைவானதன்று என்பதும் உண்மையே: ஐவரும் ஒருத்தியுமாக அறுவர்க்கு ஐந்தே கோயில்கள் இருந்தமையின் நகுலனும் சகாதேவனும் ஒன்றனைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. அருகே கல்யானை நிற்பதும், அக்கோயில் யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானை மாடமாய் இருப்பதும் சிற்பி வேண்டுமென்றே செய்த ஒப்புமை. நகுல சகாதேவர்க்கும் யானைக்கும் தொடர்பில்லை.

பெயரைப் பற்றி இத்துணை பேசுவது வீண் என நினைப்போர் பிரெஞ்சு நாட்டு நிகழ்ச்சியொன்றை நினைவுகூர்தல் நலம். பாரிசு நகரத்து நோத்ருதாம் பேராலய முகப்பில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் 28 மன்னர் உருவங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன. அவர்கள் விவிலியம் கூறும் யூதேய மன்னர். நாளடைவில் மக்கள் அவர்களைப் பிரெஞ்சு மன்னர் என்றே கொண்டனர். மன்னராட்சியை ஒழித்த புரட்சியாளர் 1793-இல் அவ்வுருவங்களின் தலைகளைக் கொய்தனர். செதுக்கியவன் எண்ணாத பெயர் ஒன்று, செதுக்கிய தலைக்கே கேடாக முடிந்தது. மண்ணில் புதைந்து கிடந்த 21 தலைகள் 1977-இல் கண்டெடுக்கப்பட்டன. மாமல்லபுரத்தில் பெயர்மாற்றம் இவ்வாறு அழிவு செய்யவில்லை. மாறாகப் பாண்டவர் பெயரே அக்கற்களுக்குக் காவலாயிற்று எனலாம். ஊர்க்குன்றுகள் எங்கும் ஆப்பு அடித்துப் பிளந்த துளைகள் காணப்பட, தெய்வமும் வீரரும் பெயர்தந்த பாறைகள் பிழைத்து நிற்கின்றன. மலைமேலுள்ள உழக்கெண்ணெய் ஈசுவரர் கோயில், நாள்தோறும் ஓர் உழக்கு எண்ணெய் விளக்குக்கு வந்தமையால் அப்பெயர் பெற்றது என்பர். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது தற்செயலான பொருத்தம்!

இருபதாம் நூற்றாண்டில் தமிழரே பெருந்தொகையினராகக் காண வந்தனர். முன்னாளில் சென்னையிலிருந்து பக்கிங்காம் கால்வாயில் இரவெல்லாம் படகில் வருவதும், செங்கற்பட்டு வரை புகைவண்டியில் வந்து திருக்கழுக்குன்றம் வழியே வருவதும் வழக்கம். 1944 முதல் 1946 வரை தொடராக வந்த கல்கியின் சிவகாமியின் சபதம் புதியதொரு வருகையாளர் கூட்டத்தை உருவாக்கிற்று. ஆயனர் சிற்பக்கூடம் எங்கே இருந்தது என்று வினவுவோரை அங்கே காணலாம். ஆயனர் கற்பனை மாந்தர். இலலிதாலயன் நூலில் பதிவுற்ற சிற்பி. முன்னவரை அறிந்த அளவு பின்னவனை நாம் அறியாமை நம் துறையினர் கருதவேண்டிய குறையேயாகும். 1984-இல் இச்சின்னங்கள் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டபோதும் மகாபலிபுரம் என்னும் பெயரே பட்டியலில் இடம்பெற்றது. தெற்கே கல்பாக்கத்தில் அணுவாற்றல் நிலையம் எழுந்து ஊரின் முகம் மாறிவிட்டது. சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையும் அதனுள் உள்ள ஒல்லாந்தர் கல்லறைகளும் ஓரிருவர் வந்து காண அமைதியாக நிற்கின்றன.

செய்யத்தக்கது யாது? பாண்டவர் பெயர்களை அகற்றவேண்டும் என்பாரோடு நாம் உடன்படவில்லை. அவை தொண்டைநாட்டு மக்களின் பாரதப் பயிற்சிக்குரிய ஆவணங்கள். அவற்றைப் பல்லவர் பெயர்களாகக் காட்டுவதே தவறு. ஒவ்வொரு சின்னத்தின் முன்னும் கல்வெட்டுப் பெயர் முதலிலும், மக்கள் வழக்குப் பெயர் அடுத்தும், பயணிகள் வழங்கிய பெயர் இறுதியிலும், ஒவ்வொன்றும் சான்றுபெறும் காலத்தோடு எழுதப்படுதல் வேண்டும். அதற்கு முன்னதாக, திருக்கழுக்குன்றத்துக்கும் கல்பாக்கத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் கூத்தரும் பாரதப் பிரசங்கியரும் இக்கற்களைப் பற்றி வழங்கும் பெயர்களையும் கதைகளையும் தொகுத்தல் முதுகலை மாணவர்க்கு உரிய பணியாகும். ஒருகல் மண்டபத்து ஒல்லாந்தர் பெயர்களையும் படியெடுத்துச் சதுரங்கப்பட்டினத்துக் கல்லறைப் பெயர்களோடு ஒப்பிடலாம்.

2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வடக்கே சாளுவன்குப்பத்து மணலை அரித்துச் சென்றபின், எழுத்துள்ள பாறைப்பகுதி ஒன்று வெளிப்பட்டது. சுப்பிரமணியர் கோயில் ஒன்றனை அக்கல்வெட்டு குறிப்பிட்டதைக் கொண்டு 2005-இல் தொல்லியல் துறையினர் அங்கு அகழ்ந்தனர். செங்கல்லாற் கட்டிய கருவறையும், கல்வேலும், தந்திவர்மன், மூன்றாம் நந்திவர்மன் முதலியோர் காலத்து எழுத்துள்ள தூண்களும் கிடைத்தன. கருவறையின் அடித்தளம் பல்லவர்க்கும் முற்பட்டது என அகழ்ந்தோர் கருதினர். சேம்பர்சும் ஹாப்னரும் இலட்சுமய்யாவும் அக்கரையில் நடந்தபோது அது மணலுள் கிடந்தது. எந்த வழிகாட்டியும் அதற்குப் பெயர் சொன்னதில்லை. ஆதலின் அங்கு மட்டும் கல்வெட்டுச் சொன்ன முருகன் கோயில் என்னும் பெயரே வழங்குகிறது.